இடது பக்கத்து ஒயர்

என் வீட்டுக்காரருக்கு நான் இரண்டாம் தாரம் என்று சொல்லிச் சிரிப்பதுண்டு. மூத்தவள், கல்யாணத்துக்கு முன்பே அவர் தன் கையால் செய்த வால்வு ப்ரீ-ஆம்ப். பழைய ரேடியோவுக்குள் இருக்குமே கண்ணாடி வால்வு, அதைப்போல இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று அதன் தலையில் நிற்கும். சுவிட்சைப் போட்டால் உள்ளே மெல்லச் சிவக்கும். பாட்டு முதலில் அதற்குள் போய்விட்டுத்தான் ஆம்ப்ளிபயருக்கும் ஸ்பீக்கர்களுக்கும் போகும். வளைகுடாவில் ஜெனரேட்டர் ஓட்டும் வேலைக்குப் போனபோது எங்கள் இருவரையும் சிதம்பரத்து வீட்டில் விட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. நான் குமராட்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாயங்காலம் வீடு திரும்பியதும் போன் வரும். முதல் கேள்வி பெட்டியைப் பற்றித்தான். எனக்குக் கோபம் வந்தாலும் காட்டிக்கொள்வதில்லை. மூன்று வருஷமாக அவர் லீவில் வரவில்லை. கேட்டால், "வேலை ஜாஸ்தி, ஆள் இல்ல" என்பார்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை இடது ஸ்பீக்கரில் கடுகு பொரிவதுபோல் சத்தம் கேட்டது. உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எனக்காக வராதவர் அதற்காகவாவது வருவார் என்று நினைத்தேன்.

"நீங்களே வந்து பாத்துடுங்க மாமா."

"இதுக்கு எதுக்கு நான்? நீயே பண்ணிடலாம். பிளக்கப் புடுங்கிட்டு அரை மணி நேரம் சும்மா வுடு, உள்ள கரண்டு தங்கியிருக்கும்."

வால்வைத் துணியால் பிடிக்க வேண்டும், திருகக் கூடாது, லேசாக அசைத்து மேலே இழுக்க வேண்டும். போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு அவர் சொன்னபடியே செய்தேன். இடது பக்கத்து வால்வை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிச் சொருகினேன். கடுகுச் சத்தம் வலது ஸ்பீக்கருக்குப் போய்விட்டது.

"அப்ப வால்வுதான் போச்சு. பெட்டி நல்லாருக்கு" என்றார். நான் நினைத்தது நடக்கவில்லை.

மாற்று வால்வு கடலூர் பழைய டவுனில் மாமியார் வீட்டு பீரோவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போய், எவர்சில்வர் டப்பாவில் பஞ்சு வைத்து அதை எடுத்துவந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள், "கொழந்தைக்கு மருந்தா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

புது வால்வு போட்டதும் சத்தம் நின்றது. ஆனால் பாட்டு பாட்டாக இல்லை. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே நிற்க வேண்டிய பாடகியின் குரல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பின்னால் கூட்டுவதற்காக இடது ஸ்பீக்கரை நகர்த்தியபோது ஒயர் கழன்றது, நானே மாட்டினேன் என்று போனில் அவரிடம் சொன்னேன்.

"பிளஸ்ஸும் மைனஸும் மாத்திப் போட்டிருப்ப" என்று சிரித்தார். "கடியாரத்து பேட்டரிய எடு. ஆம்ப்ளிபயர்லேருந்து ஒயரக் கழட்டி, சிவப்ப பிளஸ்லயும் கறுப்ப மைனஸ்லயும் ஒரு தொடு தொடு. ஸ்பீக்கர் காகிதம் முன்னாடி வந்தா சரி. பின்னாடி போனா தலைகீழ்."

தொட்டேன். வலது ஸ்பீக்கரின் காகிதம் டக்கென்று முன்னால் வந்தது. இடது, உள்ளே போனது. ஒரு நிமிஷ வேலை. ஒயரை மாற்றிப் போட்டால் முடிந்தது.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு மாமா. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க வந்தாதான் ஆவும்."

கணக்கு டீச்சர் பேசுகிற பேச்சா இது? அன்றைக்குப் பதற்றத்தில் பேட்டரியைக் கடிகாரத்தில் திரும்பப் போட்டவள் நேரத்தைச் சரிசெய்யவில்லை. மறுநாள் மினி பஸ்ஸைத் தவறவிட்டேன்.

ஒயரை மட்டும் தொடவில்லை. எட்டு மாதம் அந்தக் குரல் கெட்ட பாட்டையே கேட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் "இன்னும் அப்படியேவா இருக்கு?" என்பார். "அப்படியேதான்" என்பேன். எனக்கு அவர் வேண்டும். அதை நேராகச் சொல்லத் தெரியாமல் ஒயரை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வந்தார், நாற்பது நாள் லீவில். குளித்துச் சாப்பிட்டுவிட்டு, நடுவில் இருக்கும் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முதல் வரியிலேயே துள்ளி எழுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு பாட்டு முழுவதும் கேட்டார்.

"அருமையா இருக்கு. நீயே சரி பண்ணிட்டியா? கெட்டிக்காரி."

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். அவருடைய இடது பக்கமாக நின்றுகொண்டு, "காபி போடவா மாமா?" என்றேன். திரும்பவில்லை. இன்னொரு தரம் கேட்டேன். அப்போதும் திரும்பவில்லை. எதிரே போய் நின்றதும்தான், "என்ன?" என்றார்.

"எடது காதா?"

"மூணு நாலு வருஷமா. ஜெனரேட்டர் சத்தம். அந்தப் பக்கம் சுத்தமா கேக்கல. ஒத்தக் காதுக்கு ரெண்டு ஸ்பீக்கரும் ஒண்ணுதான்" என்றார். பிறகு, "லீவு கெடைக்காம இல்ல. இந்தப் பொட்டி முன்னாடி வந்து ஒக்கார பயமா இருந்துச்சு."

அந்தப் பெட்டியைக் காட்டித்தான் நான் அவரை எட்டு மாதம் கூப்பிட்டிருக்கிறேன். உட்கார்ந்து அழுதேன். ஒயர் விஷயத்தையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கடிகாரத்துப் பேட்டரியை எடுத்து, காகிதத்தின்மேல் விரல் நுனியை வைத்துப் பார்த்து, ஒயரை மாற்றினார். என்னைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"கொரலு எங்க நிக்குது?"

"நடுவுல. அந்தக் காலண்டர் மேல."

அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டே பாட்டு முடியும்வரை நின்றார்.

காண்ட்ராக்ட் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. "மிச்சம் இருக்குற காதையும் அங்கியே வுட்டுட்டு வாங்க" என்று ஒருநாள் சண்டை போட்டேன். காதுக்கு அடைப்பான் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். அதற்குமேல் என்னால் கேட்க முடியவில்லை. நாற்பது நாளும் அவருக்கு வலது பக்கமாகவே நடந்தேன், வலது பக்கமாகவே உட்கார்ந்தேன்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் கிளம்பத் தயாராக நின்றது. நான் அவருடைய இடது பக்கம் போய் நின்றுகொண்டு சொன்னேன்: "போவாதீங்க மாமா."

என் உதடு அசைந்ததைப் பார்த்திருக்க வேண்டும். தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தார். "என்ன சொன்ன?"

"தண்ணி பாட்டில் எடுத்தீங்களான்னு கேட்டேன்."

எடுத்திருக்கிறேன் என்று பையைத் தட்டிக் காட்டிவிட்டு ஏறினார்.