ஏட்டய்யா கண்ட குளிசம்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருத்தணி மலைப்படிக்கட்டுக்குப் பக்கத்தில் நான் ஒரு மெஸ் நடத்திக்கொண்டிருந்தேன். ஆடிக் கிருத்திகை வந்தால் காவடிகளோடு பிக்பாக்கெட்காரர்களும் வந்து சேர்வார்கள். அவர்களைப் பிடித்து வைப்பதற்கென்று எதிரே இருந்த பழைய சத்திரத்தில் ஒரு அறையைப் போலீசார் எடுத்துக்கொள்வார்கள். காவலுக்கு வந்தவர்களுக்கும் பிடிபட்டவர்களுக்கும் சாப்பாடு என்னிடமிருந்துதான். குழம்பு ஒன்றே. போலீசுக்கு மட்டும் அப்பளம் கூடுதல்.

அந்த வருஷம் பரணி அன்று காலையில் படிக்கட்டில் ஒரு அம்மாவின் சங்கிலியை யாரோ அறுத்துவிட்டார்கள். பாதிப் படியில் வெகுநேரம் உட்கார்ந்து, ஏறுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்து வந்தார்கள். அம்மையார்குப்பத்து நெசவாளி, ஐம்பது வயதிருக்கும். சங்கிலி அவரிடம் இல்லை. கைமாற்றிவிட்டான் என்றார் ஏட்டய்யா. அவர் வெளியூர்க்காரர், வருஷாவருஷம் பந்தோபஸ்துக்கு வருகிறவர். சொன்னதை மாற்றிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

மத்தியானம் சோற்றுத் தூக்கோடு நான் உள்ளே போனபோது, அந்த மனிதரின் சட்டையைக் கழற்றி, அரைஞாண் கயிற்றையும் அறுத்து, வெறும் ஜட்டியோடு சுவரோரம் உட்காரவைத்திருந்தார்கள். இடது காறையெலும்புக்குக் கீழே, தோலுக்குள் தீப்பெட்டி அளவுக்கு ஒரு புடைப்பு. மேலே தையல் தழும்பு.

ஏட்டய்யா என்னைத் தனியே கூப்பிட்டார்.

“பாத்தியாம்மா? குளிசம். மந்திரிச்ச தகடு. மந்திரவாதிகிட்ட காசு குடுத்து தோலுக்குள்ள வெச்சு தெச்சுகினு வந்துக்கிறான். அது உள்ள இருக்கிற வரைக்கும் எவ்ளோ அடிச்சாலும் வலிக்காது. நான் எத்தினி பேரைப் பாத்திருக்கேன்!”

“இப்போ இன்னா பண்ணப் போறீங்க?”

“கொழந்த பொறந்த வூட்டுச் சோறு கொஞ்சம் கொண்டாந்து குடு. தீட்டுச் சோறு உள்ள போனா குளிசம் செத்துடும். அப்பால அந்த எடத்துலயே நாலு போடு போட்டா உண்மை தானா வெளிய வரும்.”

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையில் சிரிக்க முடியவில்லை. இலையில் சோறு வைத்தபோது, தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“அம்மா, எனக்கு இதயம் சரியா அடிக்காது. மெட்ராஸ்ல ஆபரேசன் பண்ணி, பேட்டரில ஓடுற இந்த மிஷினை வெச்சாங்க. ஏற முடியாமதான் படியில குந்திகினு இருந்தேன். சொன்னா நம்பமாட்டேன்றாங்க. பேட்டரி லாரிக்குத்தான்டா வெப்பாங்கன்னு சிரிக்கிறாங்க. நீங்க ஒண்ணு சொல்லுங்கம்மா. கால்ல வேணும்னா அடிச்சுக்கட்டும். இங்க மட்டும் வேணாம்.”

மனிதனுக்குள் மிஷின் வைப்பார்கள் என்று நானும் அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் திருடன் எவனாவது காலை அடியுங்கள் என்று கேட்பானா? ஏட்டய்யாவிடம் சண்டை போட்டிருப்பேன். போட்டால் அந்த ஆத்திரத்தையும் அந்த மனிதர் மேல்தான் காட்டுவார் என்று வாயை அடக்கிக்கொண்டேன்.

மெஸ்ஸுக்குத் திரும்பி, என் வீட்டுப் பானையிலிருந்தே ஒரு உருண்டை மோர்சாதம் பிசைந்து எடுத்துப் போனேன்.

“தீட்டுச் சோறுதானே?” என்றார் ஏட்டய்யா.

“ஆங், அதேதான். ஆனா ஒண்ணு ஏட்டய்யா. சோறு நல்லா செரிச்சாத்தான் குளிசம் சாகும். அதுக்கு முன்னால அங்க கைய வெச்சீங்க, வெச்ச கை விளங்காம போயிடும். எங்க பக்கத்துல ஒர்த்தருக்கு அப்படித்தான் ஆச்சு.”

லத்தியை அவர் சட்டென்று சுவரில் சாய்த்து வைத்தார். மிஷினை மருந்துக்குக்கூட நம்பாதவர், மந்திரத்தை எவ்வளவு நம்பினார்!

அடிவாரத்தில் திருவிழாவுக்கென்று மருத்துவப் பந்தல் போட்டிருந்தார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். அங்கிருந்த இளம் டாக்டரிடம் மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். தழும்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். கால் கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்ததை நர்சிடம் விட்டுவிட்டு என்னோடு ஓடிவந்தார்.

ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஏட்டய்யாவின் கையைப் பிடித்து அந்தப் புடைப்பின் மேல் மெதுவாக வைத்தார். கை விளங்காமல் போகும் என்ற பயத்தில் ஏட்டய்யா இழுத்துக்கொள்ளப் பார்த்தார். டாக்டர் விடவில்லை.

“இது குளிசம் இல்லீங்க. இதுலேர்ந்து ஒரு ஒயர் இதயத்துக்குள்ள போவுது. இதுதான் இவரை உயிரோட வெச்சிருக்கு. இங்க அடிச்சு ஒயர் பிச்சுகினா, நான் பக்கத்துலயே இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது.”

டாக்டர் கையை விட்ட பிறகும் ஏட்டய்யாவின் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு மூலையில் கிடந்த சட்டையை எடுத்து, உதறி, அவரே அந்த மனிதருக்குப் போட்டுவிட்டார். துணி புடைப்பில் உரசாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பொத்தான் போட்டார். அந்த நிமிஷத்தில் எனக்கு அவர் மேலிருந்த கோபம் பாதி போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டேன்.

படி ஏற முடியாதவர் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியிருக்க முடியாது என்று, சாயங்கால பஸ்ஸில் அந்த நெசவாளியை ஊருக்கு அனுப்பிவைத்தார்கள்.

அடுத்த ஆடியில் அவர் மனைவியோடு வந்தார். படி ஏறாமல் அடிவாரத்திலேயே கற்பூரம் ஏற்றிவிட்டு, என் மெஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அந்த வருஷமும் பந்தோபஸ்துக்கு அதே ஏட்டய்யாதான். தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தவரை இவர் பார்த்துவிட்டார். நெசவாளியின் வலது கை தானாக எழும்பி மார்பின் இடது பக்கத்தை மூடிக்கொண்டது.

ஏட்டய்யாவும் அதைப் பார்த்தார். அப்படியே திரும்பி, சுற்றிக்கொண்டு பின்பக்கமாக என் அடுப்படிக்குள் வந்தார். ஒரு டம்ளரில் மோர் ஊற்றச் சொன்னார்.

“நீயே குடுத்துடும்மா. நான் குடுத்தா அவரு கைய எடுக்கமாட்டாரு.”

கொண்டுபோய் நீட்டினேன். பிடித்துவைத்த இடத்தில்கூட செம்பை இரண்டு கையாலும் வாங்கிய மனிதர், என் மோரை இடது கையால் வாங்கினார்.