நான்கு மஞ்சள் கோடுகள்

ஐந்து மாதங்கள் ஒரு பெண்ணோடு நான் பேசாமல் இருந்தேன். சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட கதை இல்லை இது. அவள் எதிரில் வந்து நின்றாலும் அங்கே யாருமே இல்லாதது போல அவளைத் தாண்டிப் பார்ப்பேன். தொழிற்சாலையில் எங்கள் லைனில் இருந்த மற்ற ஆறு பெண்களும் அப்படியே செய்தார்கள். தொடங்கி வைத்தவள் நான்தான். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் மறைத்து வைத்து என்ன கண்டேன்?

நான் சூளகிரிக்குப் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்தில் வாக்கப்பட்டவள். ஓசூரில், வண்டிகளுக்குப் பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடமாக வேலை. என்ன பாகம், யாருக்குப் போகிறது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எங்கள் லைனில் கோபம் வந்தால் தெலுங்கு, சிரிப்பு வந்தால் கன்னடம், சூப்பர்வைசரிடம் சாக்குச் சொல்லத் தமிழ். எனக்கு மூன்றும் வரும், மூன்றிலும் வாய் நீளம். சீனியர் என்பதால் லைனில் நான் வைத்ததுதான் சட்டம். அதில் எனக்குப் பெருமை வேறு.

அவள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. அவள் கணவனுக்குச் சூளகிரியில் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் வேலை, அங்கேயே வாடகைக்கு இருந்தார்கள். எங்கள் லைனில் அவள் ரிலீவர். யாராவது பாத்ரூம் போகவோ தண்ணீர் குடிக்கவோ நகர்ந்தால், அவர் திரும்பி வரும்வரை அந்த இடத்தில் நின்று வேலையைப் பார்க்க வேண்டும். "நான் நிக்குதேன், நீங்க போயிட்டு வாங்கக்கா" என்பாள். அந்த "நிக்குதேன்" எங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ஆரம்பத்தில் நாங்கள் சிரித்தது பாசத்தோடு சிரித்த சிரிப்புதான்.

என் இடத்தில் ஒரு பாகத்துக்கு நான்கு போல்ட். கன் என்று நாங்கள் சொல்லும் முறுக்கும் மெஷினால் ஒரு போல்ட்டை இறுக்கியதும் மஞ்சள் மார்க்கரால் அதன் மேல் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு இருந்தால் போல்ட் இறுகிவிட்டது என்று அர்த்தம். ஒன்றை முறுக்கு, கோடு போடு, அடுத்ததை முறுக்கு, கோடு போடு. இதுதான் முறை. ஆனால் கன்னையும் மார்க்கரையும் மாற்றி மாற்றிக் கையில் எடுப்பதில் நேரம் போகும். அதனால் நாங்கள் எல்லாருமே நான்கு கோட்டையும் முதலில் இழுத்துவிட்டு, பிறகு படபடவென்று நான்கையும் முறுக்குவோம். தப்பு என்று தெரியும். டார்கெட் பின்னால் நின்று விரட்டும்போது தப்பை யார் பார்க்கிறார்கள்?

மாங்காய் சீசன் சூடு பிடித்த நேரத்தில், பாகம் வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு புகார் வந்தது. ஒரு பாகத்தில் நான்கு கோடும் இருக்கிறது, ஆனால் ஒரு போல்ட் மட்டும் விரலால் திருகினாலே சுற்றுகிறது என்றார்கள். அதிலிருந்த எண்ணை வைத்துத் தேடியபோது, அது என் இடத்தில், அவள் எனக்குப் பதிலாக நின்ற சில நிமிடங்களுக்குள் வெளியே போனது என்று தெரிந்தது. இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"நான் குடுத்துட்டுப் போறப்ப எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு சார்" என்றேன். பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதினோரு வருடக் கை, அது தப்பு செய்யுமா என்கிற திமிர்.

"நான் வந்து நிக்கும்போதே நாலு கோடும் இருந்துச்சு சார். முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு அனுப்பிட்டேன்" என்றாள் அவள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவள் சொல்வதை ஒப்புக்கொண்டால், முறுக்குவதற்கு முன்பே கோடு போடும் எங்கள் எல்லாருடைய குட்டும் வெளிப்பட்டுவிடும். லைனில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. தன் தப்பைத் தூக்கி என் தலையில் போடப் பார்க்கிறாள் என்று நான் சொன்னேன். அதை எல்லாரும் நம்பினார்கள். நம்புவது எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

குடோனில் இருந்த சரக்கு முழுவதையும் போல்ட் போல்ட்டாகச் சரிபார்க்க, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் லைன் மொத்தமும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தோப்பில் அந்த ஞாயிறுகளில்தான் காய் பறிப்பு. மாமியார் ஒற்றை ஆளாக நின்று ஆட்களை ஏவி, கிருஷ்ணகிரி மண்டிக்கு லோடு அனுப்பினார். லைனில் இன்னொருத்தி சொந்தத் தங்கையின் வளைகாப்புக்குப் போக முடியாமல் அழுதாள். எல்லாருடைய எரிச்சலும் ஒரே ஆள் மேல் திரும்பியது.

முதல் ஞாயிறு மதியம், கேன்டீனில் அவள் வழக்கம்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எல்லாருக்கும் சேர்த்துத் தேங்காய்ப்பால் ஊற்றி அவள் ஊர்ச் சொதி வைத்து எடுத்து வந்திருந்தாள். எங்களைச் சமாதானப்படுத்தத்தான். அவள் மூடியைத் திறந்ததும் நான் என் டப்பாவை மூடிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனேன். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒருத்தி பின் ஒருத்தியாக ஆறு பேரும் எழுந்து என் பின்னால் வந்தார்கள். உண்மையைச் சொன்னால் அப்போது எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அதோடு விட்டேனா? லைன் பெண்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதிலிருந்து அவளை நீக்கினால் சூப்பர்வைசர் வரைக்கும் பேச்சுப் போகும். அதனால் அவளை மட்டும் விட்டுவிட்டுப் புதுக்குழு ஒன்று தொடங்கினேன். பழைய குழுவில் அவள் ஒருத்தியே தினமும் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்தாள். நாங்கள் பார்ப்போம், பதில் போட மாட்டோம். ஆயுத பூஜைக்கு, தன் ஊர்க் கோயில் படத்தைப் போட்டு எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி வாழ்த்துச் சொல்லியிருந்தாள். அதற்கும் யாரும் பதில் போடவில்லை. மூன்று பாஷை பேசும் லைனில் அவளுக்கு ஒரு பாஷையிலும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. வேலைக்கு வேண்டியதைக்கூடக் கையைக் காட்டியே சொன்னோம்.

மழைக்காலத்தில் சர்வீஸ் ரோட்டைத் தோண்டிப் போட்டதால், சூளகிரியில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தை ஒரு நாள் மாற்றினார்கள். டிரைவர் எனக்குச் சொன்னார், நான் புதுக்குழுவில் போட்டேன். மறுநாள் பஸ் ஹைவேயில் ஏறும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் பழைய இடத்தில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்தபடி நின்றிருந்தாள். பஸ்ஸைப் பார்த்ததும் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு குரல் கொடுத்திருந்தால் டிரைவர் நிறுத்தியிருப்பார். நான் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் கழித்து ஒரு நாள் டீ மணி அடித்தது. கன்னைத் தொங்கவிட்டுவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். என் முன்னால் இருந்த பாகத்தில் நான்கு மஞ்சள் கோடுகள். முடிந்தது என்று, அதை அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்துவிட்டேன். ஏதோ ஒரு போல்ட்டின் தலை மட்டும் மயிரளவு தூக்கி நிற்பதுபோல் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன், சுற்றியது. டீ மணி அடித்தபோது மூன்றைத்தான் முறுக்கியிருக்கிறேன்.

நான் போட்ட கோட்டை நானே நம்பிவிட்டேன். அப்படியானால் அன்றைக்கு அவள் எப்படி நம்பாமல் இருந்திருப்பாள்? அந்தப் புகார் வந்த பாகத்தை நான்கு கோடு போட்டுப் பாதியில் விட்டுவிட்டு, பாத்ரூமுக்கு ஓடியவள் நான்தான். அன்று மாலைவரை என்ன வேலை செய்தேன் என்று நினைவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அதெல்லாம் முடிஞ்சு போன விசயம். இப்பப் போயிச் சொன்னா உன் வேலைக்குத்தான் உலை. கம்முனு இரு" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். வேலை போனால் என்ன செய்வது என்கிற பயம் எனக்கும் இருந்தது. நான்கு நாள் கம்மென்று இருந்து பார்த்தேன். லைனில் அவள் தலை குனிந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. வேலை போனால் போகட்டும், இவள் முகத்தை இனி நிமிர்ந்து பார்க்க முடியாவிட்டால் நான் என்ன மனுஷி என்று தோன்றியது.

ஐந்தாவது நாள் காலையில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் பழக்கதோஷத்தில் இரண்டடி தள்ளி நின்றாள்.

"ஏம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த போல்ட்ட முறுக்காம வுட்டது நான்தான். நீ சொன்னதுதான் நெசம்."

அவள் என்னையே பார்த்தாள். "எப்பக்கா தெரியும்?"

"நாலு நாளா."

"நாலு நாளா தெரிஞ்சும் சொல்லலியா?"

"பயமா இருந்துச்சு. என்னை மன்னிச்சிடும்மா."

பஸ் வந்துவிட்டது. அவள் பதில் சொல்லாமல் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஓசூர் வரைக்கும் அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே போனேன். பதில் வராமல் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அந்த முக்கால் மணி நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

ஷிப்ட் தொடங்குவதற்கு முன் லைனில் எல்லாரும் வட்டமாக நின்று ஐந்து நிமிடம் பேசுவது வழக்கம். அன்று நான் கையைத் தூக்கினேன். முறுக்காமல் கோடு போட்டதையும், அவள் மேல் பழி போட்டதையும் சொன்னேன். சூப்பர்வைசர் என்னை ஆபீசுக்கு அழைத்துப் போனார். வேலை போகவில்லை, எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து என் போல்ட்டுகளுக்குக் கோடு போடும் வேலை அடுத்த இடத்தில் நிற்பவளுக்குப் போனது. தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவள் கோடு போட வேண்டும். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

மதியம் கேன்டீனுக்குப் போனேன். அத்திப்பள்ளியிலிருந்து வரும் கன்னடக்காரப் பெண் என் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "உங்கள நம்பித்தானே அக்கா நாங்களும் அவள ஒதுக்கினோம்? எங்களயும் பாவம் பண்ண வெச்சிட்டீங்களே!"

வளைகாப்புக்குப் போக முடியாமல் அழுதவள் டப்பாவைத் தூக்கினாள். "எல்லாரும் எந்திரிங்கடி. இவங்களும் அஞ்சு மாசம் தனியா உக்காந்து தின்னட்டும். அப்பத்தான் தெரியும்."

நாற்காலிகள் நகர்ந்தன. நான் தலையைத் தூக்கவில்லை. எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அந்தப் பக்கத்து மேஜையிலிருந்து அவள் எழுந்து வந்தாள்.

"வேண்டாம்க்கா, உக்காருங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒருத்திக்குத் தெரிஞ்சா போதும்."

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அவளும் எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்கள் இன்னொரு பாவம் பண்ணாமல் இருக்கத்தான் அப்படிச் சொன்னாளோ, என்னை மன்னிக்கவே மாட்டாளோ என்று மாலைவரை மனசு அடித்துக்கொண்டது.

சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓசூர் தாண்டுவதற்குள் தொடங்கிவிட்டாள்.

"போல்ட்ட விடுங்க, அது யாருக்கும் வரும். மழையில ஓடி வந்தேனே, பார்த்தீங்கள்லா? பார்த்துட்டுத்தான குனிஞ்சீங்க? நீங்கள்லாம் மனுசங்களா? எங்கம்மா போன் பண்ணா, இங்க அக்காமாரு எல்லாரும் தங்கமா பாத்துக்கிடுதாங்கன்னு பொய் சொல்லுவேன். சொல்லிட்டுப் பாத்ரூமுக்குள்ள போயி அழுவேன். நீ வீட்டுலயும் பேச மாட்டேங்கியே, ஒனக்கு என்ன ஆச்சுன்னு எங்க வீட்டுக்காரவுக கேக்காக. நான் என்னத்தச் சொல்ல?"

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைக் குறைக்கவில்லை. சொதியிலிருந்து ஆயுத பூஜை வாழ்த்துவரை ஒன்று விடாமல் கேட்டாள். நான் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன். இத்தனை திட்டு என் வாழ்நாளில் வாங்கியதில்லை. இருந்தும் நான்கு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிக்கொண்டே இருந்தது.

சூளகிரிக்குக் கொஞ்சம் முன்னால் இருமல் வந்து நிறுத்தினாள். கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

"தொண்ட வலிக்குக்கா. பேசிப் பழக்கம் விட்டுப் போச்சு."

அதைக் கேட்டதும் பஸ் என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே, "என்னை மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"மன்னிக்காம யாராச்சும் இம்புட்டு நேரம் பேசுவாளா?" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் திட்டத் தொடங்கினாள்.