மூன்றாவது ஸ்லாட்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன். டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய் மெஷின் பழுது பார்க்கிற வேலை. ஆறு பேரில் நான் ஒருத்திதான் பெண். போகிற இடத்திலெல்லாம் "இன்ஜினியர் வரலீங்களா?" என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

அப்படி எட்டிப் பார்க்காத ஒரே இடம் பொள்ளாச்சி ரோட்டிலிருந்த ஒரு நூல் மில். அங்கே கம்ப்யூட்டர் ரூமைப் பார்த்துக்கொண்டவர் ஒரு அக்கா. நாற்பது வயதிருக்கும். டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தவர், மில்லுக்கு சர்வர் வந்தபோது தானாகவே கேட்டு அதைக் கற்றுக்கொண்டவர். முதல் நாள் என்னைப் பார்த்ததும், "ஒரு பொம்பளப் புள்ளைய அனுப்பிச்சிருக்காங்களே, வா கண்ணு" என்று தன் டிபன் பாக்ஸின் மூடியில் பாதிச் சோற்றை எடுத்து வைத்தார். அதன் பிறகு அந்த மில்லிலிருந்து கம்ப்ளைண்ட் வந்தால் நானே கேட்டு வாங்கிக்கொண்டு போவேன்.

அந்த சர்வரில் பழுதுகளைக் கவனிப்பதற்கென்றே ஒரு புரோகிராம் இருந்தது. மெஷினுக்குள் எந்தப் பாகம் தடுமாறினாலும் அதன் பெயரையும் நேரத்தையும் எழுதி வைக்கும். அக்கா தினமும் காலையில் அதைத் திறந்து பார்த்து, வருவதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். ஒருநாள் போன் செய்தார். "மெமரி மாட்யூல் மூணுன்னு நாலு நாளா வந்துட்டே இருக்குது கண்ணு. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போறியா?"

மாட்யூல் என்பது மெமரி கார்டுதான். புதியது ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். மூடியைக் கழற்றினால் எட்டு ஸ்லாட்டுகளில் எட்டு கார்டுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் போர்டில் நம்பர் அச்சடித்திருந்தது, ஒன்றிலிருந்து எட்டு வரை. மூன்று என்று இருந்ததைப் பிடுங்கிவிட்டுப் புதியதை மாட்டினேன்.

அக்கா ஸ்கிரீனையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுல சைபர்ல இருந்து ஏழு வரைக்கும் வருது. உள்ள ஒண்ணுல இருந்துல்ல போட்டிருக்காங்க?"

"அது புரோகிராம் எழுதுறவங்க பழக்கங்க அக்கா. நம்பர் அதேதான்" என்றேன். உண்மையில் எனக்கு அது தெரியாது. ஐந்தரை மணி பஸ்ஸை விட்டால் உக்கடம் போய்ச் சேர நேரமாகிவிடும் என்ற நினைப்பில் இருந்தேன். ஒரு மணி நேரம் சோதனை ஓடியது. ஒரு பிழையும் வரவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து, பட்டப்பகலில், மெஷின் அப்படியே நின்றுவிட்டது. எந்தக் கட்டளைக்கும் அசையவில்லை. அக்கா எங்கள் ஆபீஸுக்குப் போன் போட்டிருக்கிறார். நான் அன்று மேட்டுப்பாளையத்தில் இருந்தேன். முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, வேறு வழியில்லாமல் சுவிட்சை அணைத்துப் போட்டிருக்கிறார். மறுபடி ஓடியபோது பஞ்சு லாட் விவரங்கள் இருந்த ஃபைல் கெட்டுப்போயிருந்தது. எந்தப் பஞ்சு எந்த நூலுக்கு என்பதை அதைப் பார்த்துத்தான் கலப்பார்கள். விவரங்கள் மாறிக் கிடந்தது தெரியாமல் இரண்டு நாள் தப்பான கலவை ஓடியது. அந்த நூலில் நெய்த துணி திருப்பூரில் சாயம் போட்டதும் பட்டை பட்டையாகத் தெரிந்து, நூல் மொத்தமும் மில்லுக்கே திரும்பி வந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். ரூமில் மில் மேனேஜர் நின்றிருந்தார். அக்கா ஓரமாக, நோட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மெஷின் ஓடிட்டு இருக்கறப்ப சுவிட்ச அணைச்சா ஃபைல் போயிருமுங்களா?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

"போகலாமுங்க."

"அது நின்னதுக்கப்புறந்தானுங்க அணைச்சேன்" என்றார் அக்கா. பிறகு என்னிடம் திரும்பி, "கண்ணு, நீ மாத்துனதுக்கு அப்புறமும் அதே மூணுதான் வந்துட்டு இருந்துச்சு. எழுதி வெச்சிருக்கேன், பாரு" என்று நோட்டை நீட்டினார்.

நான் வாங்கிப் பார்க்கவில்லை. "பழைய பதிவு அழியாம நின்னிருக்கும்" என்று சொன்னேன். மேனேஜரின் டேபிளிலிருந்து ஆபீஸுக்குப் போன் போட்டேன். எங்கள் முதலாளி, "முறையில்லாம பவர் ஆஃப் பண்ணிருக்காங்கன்னு எழுதிட்டு வா. நம்ம மேல வர வேண்டாம்" என்றார். எழுதினேன். அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையெழுத்தும் போட்டேன்.

மூன்று வாரம் போனது. வேறொரு வாடிக்கையாளரிடம் அதே மாடல் மெஷின் வந்ததால், அதன் தடித்த மேனுவலை ஆபீஸில் உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருந்தேன். பழுதுப் பதிவைப் பற்றிய பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. மாட்யூல் எண்கள் பூஜ்யத்தில் தொடங்கும். போர்டில் உள்ள எண்ணைக் கண்டுபிடிக்க ஒன்றைக் கூட்டிக்கொள்ளவும். அவ்வளவுதான், இரண்டு வரி. புரோகிராம் சொன்ன மூன்று, போர்டில் நான்கு. நல்ல கார்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கெட்டதை உள்ளேயே விட்டு வந்திருக்கிறேன். அதை அக்கா அன்றைக்கே கேட்டார்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "மறுபடி போய் நாலாவத மாத்திரு. வாயத் திறக்காத" என்றார்.

அடுத்த நாளே போனேன். அக்காவின் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அக்காவை மூன்று வாரத்துக்கு முன்பே, நான் கையெழுத்துப் போட்ட அதே வாரத்தில், நிறுத்திவிட்டார்களாம். நான்காவது கார்டை மாற்றினேன். பதிவில் அந்தப் பிழை அதோடு நின்றுபோனது.

அன்று மேனேஜர் முன்னாலேயே உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தப்பு என்னுடையது, மெஷின் தானாகவே நின்றது, அந்தம்மா மேல் குற்றமில்லை என்று எழுதினேன். அவர் முழுதும் படித்தார்.

"நீங்க சொல்றது சரிதானுங்க அம்மணி. ஆனா ஆள் போட்டாச்சு. இத இப்ப மேல கொண்டு போனா, விசாரிக்காம ஏன் நிறுத்துனேன்னு என்னையத்தான கேப்பாங்க?" தாளை நாலாக மடித்து டிராயருக்குள் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதுக்கரைக்குப் போய் அக்காவின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். வாசல் முருங்கை இலையெல்லாம் சிமெண்ட் ஆலைத் தூசி படிந்து வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க, உக்காருங்க" என்றார். அதுவரை என்னை அவர் வாங்க போங்க என்று கூப்பிட்டதில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "சைபர்ல ஆரம்பிக்குதுன்னு நான் சொன்னனுங்களே" என்றார். கோபமில்லை அந்தக் குரலில். ஏதோ பொருளை வைத்த இடம் இப்போதுதான் ஞாபகம் வந்தது போலச் சொன்னார்.

"மன்னிச்சிருங்க அக்கா."

"எங்கூட்டுக்காரர் பின்னாடி இருக்காரு. அவர்கிட்ட ஒருக்கா இதச் சொல்லிப்போட்டுப் போங்க. நாந்தான் அவசரப்பட்டு அணைச்சுக் கெடுத்துப்போட்டேன்னு நெனச்சுட்டு இருக்காரு. நான் சொன்னா நம்ப மாட்டீங்கறாரு."

அக்காவின் கணவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவருக்கு மெமரி கார்டு என்றால் என்னவென்று தெரியாது. எட்டு விரலை நீட்டி, எண்ணிக் காட்டினேன்.

"ஏனுங்க, அப்ப அவமேல தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அக்கா ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார். குடிக்க முடியவில்லை, குடிக்காமல் எழவும் முடியவில்லை. குடித்தேன். "பஸ் வர்ற நேரமுங்க" என்றார்.

முதலாளிக்கு விஷயம் தெரிந்து என்னையும் கொஞ்ச நாளில் அனுப்பிவிட்டார். எனக்கு இரண்டே மாதத்தில் வேறு வேலை கிடைத்தது. அக்காவுக்கு அந்த வயதில் யாரும் கம்ப்யூட்டர் வேலை கொடுக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து அந்த மில்லின் வாட்ச்மேனை டவுன்ஹால் பக்கம் பார்த்தபோது விசாரித்தேன். ஏதோ பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் வேலைக்குப் போகிறாராம்.

"நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க. நாள் பூரா நின்னுட்டே பாக்கற வேலையாச்சுங்களே, காலு வீங்கிப்போயிருதுன்னு சொன்னாங்க" என்றார்.