குளிகை முடியட்டும்

சைகோனில், கான் ஹொய் துறைமுகக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் எங்களுக்கு நான்கு மாடுகள் இருந்தன. தமிழர் வீடுகளுக்கும் கோவிலுக்கும் பால் ஊற்றிப் பிழைத்தோம். வாடிக்கையும் பஞ்சாங்கமும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. கன்று ஈன வைப்பது என் வேலை. சின்னக் கை, உள்ளே போகும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குச் செவலைக்குப் பனிக்குடம் உடைந்தது. ஒரு மணி நேரம் பார்ப்பேன். அதற்குள் முன்னங்கால் இரண்டும் மூக்கும் சேர்ந்து வராவிட்டால் கையை உள்ளே விட்டுவிடுவேன். பத்தரைக்கு ஒரு குளம்பும் மூக்கும்தான் தெரிந்தன. இன்னொரு கால் உள்ளே மடங்கிக் கிடந்தது. தெரிந்த குளம்பின் இடுக்கில் கிள்ளினேன், வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. உயிர் இருந்தது. மாட்டு டாக்டரைக் கூப்பிடலாமென்றால் பாலத்தில் பட்டாள லாரிகள் போய்க்கொண்டிருந்தன, வேறு யாரையும் விடவில்லை.

சோப்பும் எண்ணெயும் எடுத்து வந்தேன். வந்தவள் பேசாமல் வேலையைப் பார்த்திருக்க வேண்டும். "ஏங்க, கைய வுடட்டுமா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இப்பதான் ராகு காலம் பொறக்குது. பன்னெண்டு அடிக்கட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாதாடி ஜெயித்துவிடலாம் என்று புத்தி போயிற்று.

"பஞ்சாங்கம் காரைக்கால்லேந்து வந்தது. அங்க இப்ப மணி எட்டுதானே? ராகு காலம் எப்படி வந்துச்சு?"

அவர் யோசித்தார். உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு வந்தார்.

"நீ சொல்றது சரிதான். ஆனா ஊர்ல இப்ப குளிகை. குளிகையில செஞ்சது திரும்பத் திரும்ப நடக்கும். ஒவ்வொரு ஈத்துக்கும் கன்னுக்குட்டிய இழுக்க வேண்டியதாப் போயிடும். ஊர்ல ஒம்பதடிச்சா இங்க பதினொன்னரை. அதுவரைக்கும் இரு."

நல்ல கெட்டிக்காரத்தனம் செய்தேன். மாடு முக்குகிறது, நான் எண்ணெய்க் கையோடு நிற்கிறேன், அவர் காரைக்காலில் மணி என்ன என்று கணக்குப் போடுகிறார்.

பதினொன்றேகாலுக்குக் கன்றின் நாக்கு வீங்கி வெளியே தொங்கியது. செவலை படுத்து, முக்குவதை நிறுத்திவிட்டது. அப்புறம் நான் யாரையும் கேட்கவில்லை. தலையை உள்ளே தள்ளி, மடங்கிய குளம்பை உள்ளங்கையில் பொத்திக் காலை நீட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கயிறு போட்டு இழுத்ததும் கன்று வந்து விழுந்தது. கிடாரி. மூக்கில் வைக்கோலை விட்டுப் பார்த்தேன், விலாவைத் தேய்த்தேன். அசையவில்லை. தாய் மட்டும் பிழைத்தது.

"கால் மணி பொறுத்திருக்கலாம்ல" என்றார்.

என் அவசரத்தால் கன்று போயிற்று என்று பால் ஊற்றுகிற வீடுகளிலெல்லாம் சொன்னார். அவரைத் திட்டாத நாளில்லை. திட்டி முடித்த பிறகும் ஆறுவதில்லை. பத்தரைக்கு உயிர் இருந்தது எனக்குத் தெரியும். அவர் வாயால்தான் வேண்டாமென்றார், என் கையை ஒன்றும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.