ஒன்பது நாள் இறங்காத தண்ணீர்

மண் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குச் சொட்டக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. பித்தளை உருளையில் மண்ணை அடைத்து, மேலே தண்ணீரை நிறுத்தி, அடியில் எத்தனை சொட்டு விழுகிறது என்று எண்ணுவதுதான் பத்தொன்பது வருஷமாக அவள் வேலை. அவள் கணக்குக்குப் பொறியாளர்களே மறுபேச்சு பேசமாட்டார்கள்.

தம்பி வீட்டுக்கு எதிரே பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டி விரிசல் விட்டபோது, தெருவில் பாதிப் பேர் வீட்டைக் காலி செய்தார்கள். தம்பி மனைவிக்கு அப்போதுதான் நாள் தள்ளியிருந்தது. நாங்களும் கிளம்பட்டுமா என்று தம்பி வந்து நின்றான். அக்காவே போய் அவர்கள் குடிதண்ணீர் எடுக்கும் கிணற்றோரம் துளை போட்டு, அடியிலிருந்த களிமண்ணை எடுத்துவந்து உருளையில் அடைத்தாள். ஒன்பது நாள் பார்த்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. களிமண் தாண்டி எண்ணெய் வராது, பயப்படாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஐந்தாம் மாதம் தம்பி மனைவி, தண்ணீர் ஒரு மாதிரி வாடையடிக்கிறது என்றாள். மாசமாக இருக்கிறவள் மூக்கு அப்படித்தான் என்று தம்பி சிரித்தான். ஏழாம் மாதம் வாளியில் எண்ணெய்ப் படலம் மிதந்தது; அன்றோடு கிணற்றுத் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள்.

எண்ணெய் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்க, பங்கின் ஓரம் மண்ணுக்குள் பச்சைச் சாயத்தை இறக்கிப் பார்த்தாள் அக்கா. பதினோராம் நாள் கிணறு பச்சையானது. இன்னும் எட்டு இடத்தில் தோண்டிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. களிமண்ணுக்குள் செத்த வேர்கள் விட்டுப்போன புழைகளும் மயிரிழை மணல் கோடுகளும் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுக் கிணறுவரை போயிருந்தன. அவள் எடுத்த ஒரு கைப்பிடியில் மட்டும் அவை அகப்படவில்லை.

தம்பி சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இதைக் கழுவ முடியாதாக்கா?"

"மண்ணை எப்படிடா கழுவுறது."

"புள்ளைக்கு ஏதாவது ஆகுமா?"

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, பிறந்தால்தான் சொல்லமுடியும் என்று டாக்டர் கைவிரித்திருந்தார்.

"தெரியலடா," என்றாள்.

அன்றே இருவரையும் தன் இரண்டு அறை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். தம்பி மனைவி குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அக்கா கொடுத்த டம்ளரை முகர்ந்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். அண்ணி என்று கூப்பிடுகிறவள், அன்று கூப்பிடவில்லை. அவள் குடித்து முடிக்கும்வரை அக்கா பக்கத்திலேயே நின்றாள். குழந்தை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது.