வினாடி வினாவில் ஒரு ஏலம்

மாலை நாலேகால், ஐந்து பேர், ஜெனிபர். எங்கள் பள்ளி வினாடி வினா மன்றத்தின் நேரமும் பலமும் கேப்டனும் இவ்வளவுதான். பள்ளி மன்றம் நடத்துவது சம்பளம் இல்லாமல் புகார் மட்டும் வாங்குகிற தொழில். "சும்மா பேருக்குத்தான் சார்" என்று சொல்லி உங்கள் தலையிலும் யாராவது ஒரு மன்றத்தைக் கட்டியிருந்தால் நீங்கள் என் இனம். நான் நாளிதழ் வேலையை விட்டுவிட்டுத் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கு நூலகராக வந்தவன். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பும் அப்பாவிகள் இன்னும் இருக்கிறார்கள்.

பாதிக் கேள்வி

மன்றம் கூடுவது சாலையை ஒட்டிய மாடி அறையில். எண்ணூர் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகள் எங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்துதான் ஹாரன் அடிக்கும். பஸ்ஸர் வாங்க வசதியில்லை. விடை தெரிந்தவர் டிபன் பாக்ஸ் மூடியைத் தட்ட வேண்டும்.

ஒரு நாள் "இந்தியாவின் முதல்..." என்று ஆரம்பித்தேன். பிளஸ் ஒன் பிரகாஷ் மூடியைத் தட்டி, "ஆரியபட்டா!" என்றான். நான் கேட்க வந்தது முதல் ரயிலைப் பற்றி. கேள்வியை முடிக்கவே இல்லையே என்றேன்.

"லாரி வர்றதுக்குள்ள சொல்லிடணும் சார். அப்பால நீங்க கேக்குறது எனக்குக் கேக்காது, நான் சொல்றது உங்களுக்குக் கேக்காது."

ஒன்று கூட

ஜெனிபரின் அம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து மார்க்கெட்டில் விற்பவர். லீவு நாட்களில் மகளும் கூடப் போவாள். அந்தப் பழக்கம் மன்றத்துக்கும் வந்துவிட்டது. தோராயமாக ஒரு எண் சொல்லும் சுற்று ஒன்று உண்டு; சரியான விடைக்கு யார் சொன்னது பக்கத்தில் இருக்கிறதோ அவருக்கு மதிப்பெண். எதிர் அணி "நூறு" என்றால் இவள் கண்ணைக்கூட மூடித் திறக்காமல் "நூத்தி ஒண்ணு!" என்பாள்.

இது ஏலம் இல்லை, கொஞ்சம் யோசித்துச் சொல் என்று அதட்டினேன்.

"இன்னா சார் நீங்க, மொதல்ல கூவுறவன் எப்பவுமே கம்மியாத்தான் கூவுவான்."

அறைக்கு ஆபத்து

தலைமையாசிரியைக்கு எங்கள் அறைமீது ஒரு கண். நீட் பயிற்சிக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். மண்டலப் போட்டியில் ஜெயித்தால் அறை மன்றத்துக்கு, தோற்றால் மன்றம் சைக்கிள் ஸ்டாண்டுக்கு என்று சொல்லிவிட்டார். செய்தியைப் பிள்ளைகளிடம் சொன்னேன். பிரகாஷ்தான் முதலில் பேசினான்.

"சைக்கிள் ஸ்டாண்டுல லாரி இன்னும் கிட்ட வரும் சார்."

அமைதியான அரங்கம்

மண்டலப் போட்டியின் இறுதிச் சுற்று நகரின் மறுகோடியில், ஏசி போட்ட அரங்கத்தில். கதவைச் சாத்தினால் ஊசி விழுந்தாலும் கேட்கும். முதல் பாதியில் நாங்கள்தான் முன்னணி. பிறகு பிரகாஷின் கை சும்மா இருக்கவில்லை. கேள்வி பாதியில் இருக்கும்போதே பஸ்ஸரை அமுக்கி, தப்பும் தவறுமாகச் சொல்லி, மதிப்பெண்ணைக் கழித்துக்கொண்டே வந்தான். முடிவில் இரண்டு அணியும் சமம். ஜெனிபர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மைக் அணைக்கப்படவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

"டேய், இங்க லாரி வராதுடா, கம்முனு இரு!"

ஜாடி

சமநிலையை உடைக்க, கண்ணாடி ஜாடி நிறையப் புளியங்கொட்டையை மேசைமேல் வைத்தார்கள். எத்தனை இருக்கிறது? பக்கத்தில் வருபவருக்கு வெற்றி. எதிர் அணிக் கேப்டன் ஜாடியின் உயரம், அகலம் எல்லாம் கணக்குப் போட்டு, "எண்ணூற்று நாற்பது" என்றாள். அடுத்து எங்கள் முறை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எண்ணூத்தி நாப்பத்தொண்ணு!"

அரங்கமே சிரித்தது. நடுவர் உறையைப் பிரித்தார்: தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. எதிர் அணியின் ஆசிரியை எழுந்து இது அநியாயம் என்றார். நடுவர் விதிமுறைகளை இரண்டு முறை புரட்டினார். எதிர் அணி சொன்னதைவிட ஒன்று கூட்டிச் சொல்லக் கூடாது என்று எங்கேயும் இல்லை. கோப்பை எங்களுக்கு வந்தது. வாசலில் அந்த ஆசிரியை ஜெனிபரை மடக்கி, எந்தச் சூத்திரத்தை வைத்துச் சொன்னாய் என்று கேட்டார்.

"சூத்திரம்லாம் இல்ல டீச்சர். அவங்க ஜாடியப் பாத்துகினு இருந்தாங்க, நான் அவங்க மூஞ்சியப் பாத்துகினு இருந்தேன்."

அறை இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. அடுத்த ஜூலையில் வந்த போட்டி விதிமுறையில் மட்டும், தோராய எண்ணை இரு அணிகளும் வாயால் சொல்லாமல் தாளில் எழுதித் தர வேண்டும் என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது.