யாருமே சொல்லலியே

அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியின் கிளை வாசலில் கிடந்த பெஞ்சில், காத்திருந்த நாலைந்து பேருக்கு நடுவில்தான் அவரைப் பார்த்தேன். கசங்கிய காக்கிச் சட்டை, சவரம் காணாத முகம். கையிலிருந்த ஃபிளாப்பியை முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். எங்கள் தொழிற்சாலைக்கு அவர்கள் விற்ற ஸ்டோர் புரோகிராமில், மாதம் பிறந்தால் சரக்கு இருப்பு முழுவதும் பூஜ்யமாகிவிடுகிறது என்றேன். உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்த டை கட்டியவர் சிரித்தார்.

"வேற யாருமே இப்படிச் சொல்லலியே சார்."

வெளியே வந்ததும் காக்கிச் சட்டைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சொன்னான்? வேற யாரும் சொல்லலன்னானா?"

"ஆமாங்க."

"சரக்கு சைபர் ஆவுதா?"

தலையாட்டினேன்.

"போன மாசம் எனக்கும் அதேதான் சொன்னான் நைனா. எங்க மொதலாளி என்னைத் திருடன் மாதிரி பாத்துகினு கீறாரு."

சட்டென்று பெஞ்சின் பக்கம் திரும்பினார். "யார் யாருக்கு சைபர் ஆவுது?"

உட்கார்ந்திருந்த எல்லாருமே கை தூக்கினார்கள். அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். டை கட்டியவர் எழுந்து நின்றுவிட்டார். மேலிடத்தில் சொல்லி உடனே நடவடிக்கை எடுப்பதாக வாக்குக் கொடுத்தார்.

அடுத்த மாதமும் பூஜ்யம்தான். மறுபடி ஓடினேன். காக்கிச் சட்டைக்காரரைக் காணோம். நடவடிக்கை மட்டும் எடுத்திருந்தார்கள்: பெஞ்சைத் தூக்கிவிட்டு, ஒற்றை நாற்காலி போட்டிருந்தார்கள்.

அதில் உட்கார்ந்தேன். என் கை தானாகவே, கொண்டுவந்திருந்த ஃபிளாப்பியை முழங்காலில் தட்ட ஆரம்பித்தது.